கறுப்புப் பொட்டு வைத்த தக்கை

அந்தப் பட்டறையில் முப்பத்து நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அச்சில் வார்க்கிறவர்கள் நின்றார்கள், ஒட்டுகிறவர்கள் நின்றார்கள், சாயம் பூசுகிறவர்கள் நின்றது போதாதென்று குனிந்தும் நின்றார்கள். முதலாளிக்குக்கூட நாற்காலி கிடையாது; அவர் காலில் சக்கரம் கட்டியவர், உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்த ஒற்றை நாற்காலி ஜன்னலோரத்துக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கிடந்தது. பதினெட்டு வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் தொட்டியக்கா என்றார்கள்.

அங்கே செய்தது தூண்டில் தக்கை. விரல் நீளம் இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் பாதிகளைச் சேர்த்து ஒட்டி, உள்ளே காற்றை அடைத்து, உச்சியில் சிவப்புச் சாயம் பூசினால் தக்கை தயார். தூண்டில் கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டால் சிவப்பு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மீன் இரையைப் பிடித்து இழுத்தால் முங்கும். கரையில் இருப்பவர் தூண்டிலைத் தூக்குவார். ஆகவே தக்கைக்கு விதித்த வேலை நேரம் வரும்போது முங்குவது. அந்த நேரம் வரும்வரை தலையே போனாலும் முங்கக் கூடாது. இந்த இரண்டாவது விஷயத்தைப் பார்த்துக்கொள்வதுதான் தொட்டியக்காவின் உத்தியோகம்.

பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொட்டியில் விடுவாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஈயக் குண்டு மாட்டியிருக்கும். இருநூறு எண்ணுவாள். ஒட்டினதில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தக்கை தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். முதலில் லேசாக நடுங்கும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். உடனே தொட்டியக்கா “டேமேஜ்” என்பாள். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் வாய்விட்டுத்தான் சொல்வாள். எடுத்து, அதன் வயிற்றில் கறுப்பு மையால் ஒரு பொட்டு வைத்து, பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவாள். அங்கே இருக்கும் வாளியில் அது கணக்காகப் போய் விழும். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூடக் குறி தவறியதில்லை.

தக்கை முங்கினால் மீன் மாட்டியிருக்கிறது என்று ஊர் உலகத்துக்கே தெரியும். தொட்டியக்காவுக்கும் தெரியும், காதால் கேட்டுத் தெரியும். அவள் கைக்குத் தெரியாது. அவள் ஒரு நாளும் தூண்டிலைத் தொட்டவள் இல்லை. அவளுடைய தொட்டியில் மீனும் கிடையாது.

டேமேஜ் வாளியில் சேர்ந்ததை எல்லாம் சாயங்காலம் சுத்தியலால் உடைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. முதல் வாரம் உடைத்தாள். அதற்கப்புறம் மனசு வரவில்லை. சாயம் பூசுகிறவர்கள் முதுகு ஒடியக் குனிந்து பூசிய சிவப்பு. குடிப்பதைத் தவிர அந்தத் தக்கைகள் ஒரு பாவமும் செய்யவில்லை. பாதியை உடைத்துவிட்டு மீதியைக் காலியான சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் தகரடப்பா இருந்தது, அதில் கொட்டினாள். அந்த டப்பா எப்போதோ நிரம்பி வழிந்திருக்க வேண்டும். பல வருஷங்களாக நிரம்பவே இல்லை. வீட்டுக்காரர் சத்தம் போடாமல் குப்பையில் கொட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இது என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷன் கிடைப்பது லேசா என்ன?

அவளுடைய வீட்டுக்காரர் ஏழு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆறு நாள் அந்த இரும்புப் பெட்டிக்குள் நின்றுகொண்டு மேலே போவார், கீழே வருவார். ஏழாவது நாள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். இதுவரை வீட்டுக்கு வந்த மீன்கள் ஐந்து. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் முகம் வாடித் திரும்பியதில்லை. இன்றைக்கு இருபத்து மூன்று தடவை இழுத்தது, முப்பது தடவை இழுத்தது என்று கை கழுவும்போதே தொடங்கிவிடுவார். அந்த ஏரி மீன்கள் எல்லாம் எமகாதக மீன்களாம். மற்றவர்களுடைய தூண்டிலைப் படக்கென்று இழுக்குமாம், அவருடையதை மட்டும் மெதுவாக, மரியாதையாக இழுக்குமாம். தொட்டியக்கா ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுக்கொண்டு சோறு போடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்து விழுந்தது.

எழுதியவர் ஏரித் தூண்டில் சங்கத்தின் செயலாளர். தொழிலில் பல் டாக்டர். கடிதமும் பல் பிடுங்குகிற மாதிரிதான் இருந்தது. முதல் வரியில் தடவிக்கொடுத்துவிட்டு மூன்றாவது வரியில் இழுத்தார். தங்கள் சங்கத்தில் பதினோரு வருஷ அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், தங்கள் பட்டறைத் தக்கையைத்தான் பயன்படுத்துகிறார், அது மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே முங்குகிறது, நானே பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் வைத்துப் பார்த்தேன், போன வாரம் அவர் கொக்கியில் இரை மாட்டவே மறந்துவிட்டார், அப்போதும் ஒன்பது தடவை முங்கியது, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். சரியான பதில் இல்லாவிட்டால் சங்கத்தார் நூற்று நாற்பது பேரும் வேறு தக்கைக்கு மாறிவிடுவார்களாம்.

முதலாளி கடிதத்தைப் பட்டறை நடுவில் நடந்துகொண்டே சத்தமாகப் படித்தார். படித்து முடித்தபோது தொட்டிக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். அவர் நின்றதே பாதித் தண்டனை.

“ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம். சனிக்கிழமை நீ பாத்து விட்ட பெட்டிய அப்படியே எடுத்துட்டு வரேன். அதுல ஒண்ணு தானா முங்கினாலும் சரி, இந்த நாற்காலி உனக்கு இல்ல” என்றார்.

பொட்டலம் கட்டும் பகுதியில் முதலாளியின் கொழுந்தியாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. நாலு வருஷமாக அந்த நாற்காலியை அவள் பார்த்த பார்வையில் அதன் சாயமே வெளுத்திருந்தது. இப்போது அதன் உயரம் தனக்குச் சரியாக வருமா என்று கண்ணாலேயே அளந்தாள். அவள் கெட்டவள் இல்லை. கால் வலிக்கிறவள், அவ்வளவுதான்.

தொட்டியக்காவுக்கு இரண்டு கவலை. நாற்காலி போனால் அச்சு வார்க்கிற இடத்தில் நிற்க வேண்டும், அது ஒரு பக்கம். நிற்கிறது என்று தான் சொன்ன தக்கை முங்கியது என்று நூற்று நாற்பது பேர் சொல்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவருக்கு வந்த கோபத்தில் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். எவன் அந்த அரைவேக்காடு, பதினோரு வருஷம் தூண்டில் போட்டும் மீன் இழுக்கிறதா தக்கை முங்குகிறதா என்று தெரியாதவன் எல்லாம் தூண்டிலை எதற்குத் தொட வேண்டும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தானும் அங்கேதான் இருப்பேன், அவன் யார் என்று பார்த்துவிடுகிறேன் என்று தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க லிஃப்டில் ஏறிய நோயாளிகளிடம்கூட அந்த அரைவேக்காட்டைப் பற்றித் திட்டித் தீர்த்திருக்கிறார்.

சனிக்கிழமை அவள் இருநூறுக்குப் பதில் ஐந்நூறு எண்ணினாள்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். முதலாளி பெட்டியோடு கரையில் மேலும் கீழும் நடந்தார். கொழுந்தியாள் வந்திருந்தாள், பட்டறைச் சார்பில் சாட்சியாக. பல் டாக்டர் கழுத்தில் கடிகாரம் தொங்க, எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லப்போகிறவர் மாதிரி இதமாகச் சிரித்தார். முதலில் குற்றம் நடந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். மரத்தடியில் ஒருவர் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“நான் எழுதின உறுப்பினர் இவர்தான்” என்றார் டாக்டர்.

முதுகு திரும்பியது. தொட்டியக்காவின் வீட்டுக்காரர்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து தான் திட்டிக்கொண்டிருந்தது யாரை என்று அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அவருடைய தக்கை லேசாக நடுங்கியது. மெல்ல மெல்ல, மரியாதையாக இறங்கியது. பழக்கதோஷத்தில் அவர் வெடுக்கென்று தூண்டிலைத் தூக்கினார். கொக்கியில் ஒன்றும் இல்லை. தக்கையைக் காதருகே வைத்துச் சளக் சளக் என்று தண்ணீர் தெறிக்க நாலு தடவை உதறிவிட்டு, யாரும் கேட்காமலே, ராசிக்காக என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு மறுபடி வீசினார்.

தொட்டியக்காவுக்கு அந்தச் சத்தம் போதுமாயிருந்தது. குடித்த தக்கைதான் சளக் என்னும். அது திரும்பத் தண்ணீரில் விழும்போது வயிற்றில் கறுப்புப் பொட்டும் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் டப்பா ஏன் நிரம்பவில்லை என்பது அந்த ஏரிக்கரையில் அவளுக்குப் புரிந்தது.

அது டேமேஜ் தக்கை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி பிழைத்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. சுத்தியலை ஏமாற்றியது வெளியே வந்தாலும் பரவாயில்லை, அதற்கு வாங்குகிற திட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பதினோரு வருஷமாகத் தான் வேண்டாமென்று வீசியதை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஞாயிறு தவறாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அதை இந்த நாற்பது பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவளுக்கு அழுகை வந்தது. பாழாய்ப்போன சிரிப்பும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, பெட்டியைப் பிரிக்கலாம் என்றாள்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியிலிருந்து பன்னிரண்டு தக்கைகளை எடுத்தார். கரையில் பன்னிரண்டு தூண்டில்களை வரிசையாக ஊன்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தக்கை கட்டி, வெறும் கொக்கியோடு தண்ணீரில் விட்டார்கள். இரை மாட்டக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. இரை இல்லாமல் முங்கினால் அது தக்கையின் குற்றம் என்று யாரும் மறுக்க முடியாதல்லவா? தொட்டியக்கா ஐந்நூறு எண்ண வேண்டும். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

நூறில் பன்னிரண்டும் நின்றன. இருநூறில் நின்றன. முதலாளி நடப்பதை நிறுத்தியிருந்தார். கொழுந்தியாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் ஏழாவது தக்கை நடுங்கியது.

தொட்டியக்கா அதைப் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். ஒரு கணம் தலையைத் திருப்பியிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருஷத்துக் கண் அது, திருப்பினாலும் திரும்பாது. தக்கை ஒரு குலுக்குக் குலுக்கிச் சட்டென்று காணாமல் போனது. அவள் மனசு பதறுவதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

“டேமேஜ்” என்றாள், நாற்பது பேருக்கும் கேட்கும்படி.

வாய்க்கு அடுத்தது கை. ஏழாவது தூண்டிலை இரண்டு கையாலும் பிடுங்கி, பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள். பின்னால் வாளி இல்லை. பல் டாக்டர் இருந்தார். முழங்கை நீளக் கெண்டை மீன் ஒன்று வானத்தில் வளைந்து வந்து அவர் மார்பில் பளீரென்று அறைந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

 தொட்டியக்கா குனிந்த தலை நிமிராமல், ஒட்டினதில் இடைவெளி இருந்திருக்கும், தன் தப்புதான் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் மனசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து காலையும் நீட்டிவிட்டாள்.

“ஏம்மா, அது டேமேஜ் இல்ல. மீனு” என்றார் வீட்டுக்காரர்.

வெறும் கொக்கியை மீன் எதற்குப் பிடிக்கும்? டாக்டர் உட்கார்ந்த இடத்திலேயே மீனின் வாயைத் திறந்து, தொழில் சுத்தமாக உள்ளே பார்த்தார். மாவு உருண்டை ஒட்டியிருந்தது. யார் வைத்தது என்று கேட்டதும் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். அவள் கிட்டத்தில் இருந்த தூண்டில், வெறும் கொக்கியைப் பார்க்க மனசு கேட்கவில்லை, பாவம் அவளுக்கும் ஒன்று இழுக்கட்டுமே என்று வைத்தேன் என்றார். சோதனை எதற்காக நடக்கிறது என்பது அவருக்கு அப்போதும் பிடிபட்டிருக்கவில்லை.

டாக்டர் நியாயஸ்தர். சட்டையில் செதிள் ஒட்டியிருக்க, ஏழாவது தக்கையைக் கழற்றித் துடைத்து, தானே தூண்டிலில் வெறும் கொக்கியோடு கட்டி விட்டு, தானே ஐந்நூறு எண்ணினார். அது ஆணி அடித்தாற்போல் நின்றது. மற்ற பதினொன்றும் நின்றன. கூட்டம் கை தட்டியது.

ஆனால் டாக்டருக்குச் சொத்தையை விட்டுவைத்துப் பழக்கமில்லை. அப்படியானால் இவருடையது மட்டும் ஏன் முங்குகிறது என்று கேட்டார். முதலாளி அந்தத் தூண்டிலை இழுத்துத் தக்கையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கறுப்புப் பொட்டு. அந்த மைப் பேனாவை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் தொட்டியக்காவைப் பார்த்தார், அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

“அது என் வீட்டுக்காரி எனக்குன்னே அடையாளம் போட்டு எடுத்து வைக்குறது” என்றார் வீட்டுக்காரர். பெருமை அவருக்குத் தாங்கவில்லை. “பதினோரு வருஷமா. வாய் திறந்து சொல்ல மாட்டா. கட்டிலுக்கு அடியில வச்சிருப்பா, நானும் கேக்காம எடுத்துக்குவேன்.”

 கொழுந்தியாள் வாயைத் திறந்தாள். முதலாளி பெட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, போய் வண்டியில் வைக்கச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “இது தனி ரகம் டாக்டர். கடைக்கு வராது” என்றார். டாக்டர் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வலிக்காது என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறவர் அவர். எதைச் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும். புகார் வாபஸ் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதலாளி போகும்போது வீட்டுக்காரருக்கு நல்ல தக்கை ஒரு டஜன் கொடுத்துவிட்டுப் போனார். நாற்காலி நிலைத்தது, மானமும் நிலைத்தது, கெண்டையும் வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரர் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். தூண்டிலை மூலையில் சாய்த்துவிட்டு, கைகூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டாள். புதுத் தக்கை அசையவே இல்லை என்றார். காலை ஏழு மணிக்குப் போட்டதாம், பன்னிரண்டு மணிவரை ஒரு நடுக்கம்கூட இல்லையாம். ஏரியில் அவர் பக்கம் மீனே கிடையாது போலிருக்கிறது.

தொட்டியக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்: பொட்டு என்றால் டேமேஜ், டேமேஜ் என்றால் தண்ணீர் குடிப்பது, இழுத்ததெல்லாம் மீன் இல்லை. அவருக்கென்று எடுத்து வைத்தது இல்லை, உடைக்க மனசு வராமல் கொண்டுவந்தது.

அவர் குனிந்து தகரடப்பாவை வெளியே இழுத்து மூடியைத் திறந்து பார்த்தார். அவளுக்குப் பயமாக இருந்தது.

“உடைக்க மனசு வராமத்தானே கொண்டுவந்த?” என்றார்.

“ஆமாங்க.”

“அப்ப சரி. எனக்கு அதையே குடு.”

“அது முங்குங்க. மீன் இல்லாமலே முங்கும்.”

“முங்கட்டுமே. ஆறு நாளும் ஏழு மாடியிலயும் பட்டன அமுக்குறாங்க. எல்லாரும் கூப்பிடுறது லிஃப்டத்தான். அது ஒண்ணுதான் என்னைக் கூப்பிட்டுச்சு.”

அவள் எழுந்து போய்ச் சோறு போட்டாள், அன்றைக்கு இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனபோது பொட்டலம் கட்டும் பகுதியில் புதிதாக ஒரு முக்காலி கிடந்தது. கொழுந்தியாள் அதில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முதலாளி நடந்தபடியே தொட்டியருகில் வந்து, வாளியில் இருப்பதை எல்லாம் தினமும் ஒழுங்காக உடைக்கிறாயா என்று கேட்டார். உடைக்கிறேன் என்றாள் அவள், கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்காமல். ஒன்றிரண்டு சுத்தியலுக்குத் தப்பத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் போய்விட்டார்.

தொட்டியில் பன்னிரண்டு தக்கைகள் நின்றன. அறுபது எண்ணும்போது நாலாவது நடுங்கியது. மற்ற டேமேஜ்களைப் போல அவசரப்படவில்லை. நிதானமாக, மரியாதையாக இறங்கியது. தொட்டியக்கா வாய் திறக்கவில்லை. அது அடியில் போய்ச் சேரும்வரை எண்ணினாள். நூற்று எண்பது, சரியாக மூன்று நிமிஷம். எடுத்து, காதருகே வைத்து நாலு தடவை உதறி, துடைத்து, வயிற்றில் கறுப்புப் பொட்டு வைத்தாள். இந்தத் தடவை பின்னால் வீசவில்லை. அவருக்கென்று எடுத்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்தாள்.